‘ரெண்டு வாரம் கழிச்சு வாங்க’: சுகாதாரத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: வயிற்றில் வளர்ச்சி குன்றிய சிசுக்களின் ரத்த ஓட்டத்தைக் கண்காணிக்கத் தெளிவான ஆணை வேண்டுதல்.

மதிப்பிற்குரியீர்,



என் அக்கா வீட்டு பீரோவில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. தாய் சேய் நலப் புத்தகம், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், மூன்று ஸ்கேன் அறிக்கைகள். கடைசி அறிக்கை அவள் மகளின் முதல் கர்ப்பத்தில், 31ஆம் வாரத்தில் எடுத்தது. குழந்தையின் எடை 28 வாரக் குழந்தையின் எடையளவே இருக்கிறது என்று அதில் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி. தொப்புள்கொடித் தமனியில், இதயம் தளரும் நேரத்தில் ஓட வேண்டிய ரத்தம் ஓடவில்லை என்கிறது அது.

ஸ்கேன் எடுத்தவர் சரியாகத்தான் பார்த்தார், சரியாகத்தான் எழுதினார். அறிக்கையை வாங்கிப் பார்த்த இடத்தில் முதல் வரியோடு நின்றுவிட்டார்கள். “குழந்தை கொஞ்சம் சின்னதா இருக்கு. முட்டை, பயறு நல்லா சாப்பிடும்மா. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாள் காலையிலிருந்து அசைவு தெரியவில்லை. மாலையில் கொண்டுபோனபோது இதயத் துடிப்பும் இல்லை.

ஊரின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. ஒருவரைத் தண்டிக்கச் சொல்லி எழுதும் கடிதமல்ல இது. அன்று அங்கிருந்தவர்கள் அசட்டையானவர்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டாம் வரியைப் படித்தால் அன்றே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு தாள் அவர்கள் மேசையில் இல்லை. அந்தத் தாளைக் கேட்டுத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

துறைக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன என்கிறது 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வு. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கில், இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 பேர் முதல் வயது நிறைவதற்குள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 13 பேர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி, சீமாங் எனும் அவசர மகப்பேறு சிகிச்சை மையங்கள், 108 ஆம்புலன்ஸ், ஊர் ஊராக நடக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் இது.

ஆனால் அந்த 13 என்ற எண், குழந்தை உயிரோடு பிறந்த பிறகு தொடங்கும் கணக்கு. உயிரில்லாமல் பிறந்த குழந்தைக்கு அதில் இடமில்லை. என் அக்கா பேத்தி எந்த விகிதத்தையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 19 லட்சம் குழந்தைகள் 28 வாரம் கடந்த பின் இறந்து பிறந்தன என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் கணக்கிட்டன. அதில் சுமார் 3,40,000 இந்தியாவில். வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. இறந்து பிறப்பதை 2030க்குள் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2014இல் வந்த இந்தியப் பச்சிளங்குழந்தைச் செயல்திட்டம் இலக்கு வைத்தது. வளர்ச்சி குன்றிய சிசுக்களைக் கவனிக்காமல் அந்த இலக்கைத் தொட முடியாது.

சிறிய குழந்தை எல்லாமே சீக்கான குழந்தை அல்ல. தாயும் தந்தையும் சிறுத்த உடல்வாகு என்றால் பிள்ளையும் சிறிதாக இருக்கலாம். அது நலமாகவே வளரும். கவலைக்குரியது, வளர வேண்டிய குழந்தை தீனி போதாமல் வளராமல் நிற்பது. எடை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். எது எது என்று பிரித்துக் காட்டுவதற்குத்தான் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறார்கள்.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தொப்புள்கொடித் தமனி என்பது குழந்தையின் இதயத்தில் புறப்பட்டு நஞ்சுக்கொடியில் போய்ச் சேரும் வாய்க்கால். நஞ்சுக்கொடிதான் கடைமடை. கடைமடை திறந்து கிடந்தால், இதயம் சுருங்கித் தள்ளும்போது மட்டுமல்ல, தளர்ந்திருக்கும் நேரத்திலும் ரத்தம் தொடர்ந்து ஓடும். நஞ்சுக்கொடியின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடக் கெட, கடைமடை தூர்ந்த வாய்க்காலாகிறது அது. முதலில் எதிர்ப்பு கூடும். பிறகு, தள்ளும்போது மட்டும் பாய்ந்து, தளரும்போது ஓட்டம் நின்றுவிடும். இன்னும் முற்றினால், போன ரத்தம் திரும்பி வரும்.

குழந்தையும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் பஞ்சத்தில் விவசாயி வயலை விட்டு நாற்றங்காலைக் காப்பாற்றுவதுபோல, மற்ற உறுப்புகளுக்குப் போவதைக் குறைத்து மூளைக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனை மூளையின் நடுத் தமனியில் வைத்தால் அது தெரியும். கடைசியில் இதயமே திணறத் தொடங்குவது டக்டஸ் வீனோசஸ் என்ற சிறு சிரையில் தெரியும். 32 வாரத்துக்கு முன் தொடங்கும் குறைபாட்டில் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் மாற்றங்கள் வருகின்றன. 32 வாரத்துக்குப் பின் தொடங்குவது வேறு மாதிரி. அதில் தொப்புள்கொடித் தமனி சரியாகவே காட்டலாம்; மூளைத் தமனியில் மட்டும் மாற்றம் தெரியலாம். கடைசி மாதங்களில் ஒன்றை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதக்கூடாது என்பது அதனால்தான்.

டாப்ளர் நேற்று வந்த தொழில்நுட்பமும் அல்ல. டாப்ளர் விளைவை ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் பிராக் நகரில் 1842இல் சொன்னார். தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை அந்த முறையில் அளக்கலாம் என்று டப்ளின் மருத்துவர்கள் ஃபிட்ஸ்ஜெரால்டும் டிரம்மும் 1977இல் காட்டினார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

பலன் உண்டா என்று உங்கள் நிதிப் பிரிவு கேட்கும்; கேட்கத்தான் வேண்டும். ஆபத்து வாய்ப்புள்ள கர்ப்பங்களில் தொப்புள்கொடி டாப்ளர் பார்த்த ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2017இல் தொகுத்துப் பார்த்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கணக்கு அது. டாப்ளர் பார்க்காத குழுவில் நூற்றுக்கு 1.7 ஆக இருந்த இறப்பு, பார்த்த குழுவில் 1.2 ஆனது. சுமார் 200 தாய்மாருக்குப் பார்த்தால் ஓர் உயிர் தப்புகிறது. சிசேரியன் கூடவில்லை, சற்றுக் குறையவே செய்தது. டாப்ளர் வந்தால் ஆபரேஷன் பெருகிவிடும் என்ற அச்சத்துக்கு இதுவே பதில். அதே நேரம், எந்தச் சிக்கலும் இல்லாத எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாக டாப்ளர் பார்ப்பதால் நன்மை என்று காக்ரேன் குழுவின் இன்னொரு தொகுப்பில் நிரூபணமாகவில்லை. எனவே எல்லோருக்கும் எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேண்டியவர்களுக்கு, வேண்டிய நாளில், விடாமல் எடுங்கள் என்கிறேன்.

விடாமல் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஏனென்றால் இந்தக் குறைபாட்டுக்கு மருந்தில்லை. படுத்தே கிடப்பதும் புரதப் பொடியும் கெட்டுப்போன நஞ்சுக்கொடியைச் சரிசெய்யாது. நம் ஊர்களில் தாராளமாக ஏற்றப்படும் அமினோ அமில டிரிப்புக்கும் உறுதியான சான்று இல்லை. சில்டெனாஃபில் மாத்திரையை நம்பி நெதர்லாந்தில் நடந்த சோதனையை 2018இல் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு நுரையீரல் கோளாறும் இறப்பும் கூடியிருந்தன. எப்போது வெளியே எடுப்பது, எங்கே எடுப்பது என்ற இரண்டு முடிவுகளே இங்கே வைத்தியம்.

சீக்கிரம் எடுத்தால் குறைப்பிரசவத்தின் ஆபத்து. தாமதித்தால் வயிற்றிலேயே இறப்பு. ஐரோப்பாவில் 26 முதல் 32 வாரத்துக்குள் இருந்த 503 பெண்களை வைத்து நடந்த ‘டிரஃபிள்’ ஆய்வின் முடிவுகள் 2015இல் லான்செட் இதழில் வந்தன. டக்டஸ் வீனோசஸில் பிந்திய மாற்றம் வரும்வரை பார்த்துக்கொண்டே பொறுத்த குழுவில், பிழைத்த பிள்ளைகளில் நூற்றுக்கு 95 பேர் இரண்டு வயதில் நரம்புக் குறை இல்லாமல் இருந்தார்கள். இதயத் துடிப்பு வரைபடத்தை மட்டும் வைத்து முடிவெடுத்த குழுவில் 85 பேர். அங்கே பொறுத்தவர்கள், இடைவிடாமல் பார்த்துக்கொண்டே பொறுத்தார்கள். பார்க்காமல் ‘ரெண்டு வாரம் கழிச்சு வாங்க’ என்பது பொறுமை ஆகாது.

பார்க்கும் இடைவெளிக்கும் கணக்கு உண்டு. உலக அளவிலான வழிகாட்டல்களில் நாள் கணக்கில் சிறு வேறுபாடுகள் இருந்தாலும் போக்கு ஒன்றுதான். குழந்தை சிறிது, ஓட்டம் சரி என்றால் இரண்டு வாரத்தில் மறுபடியும். எதிர்ப்பு கூடியிருந்தால் வாரந்தோறும். பிரசவம் ஏறக்குறைய 37 வாரத்தில். தளரும் நேரத்து ஓட்டம் நின்றிருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. 32 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம். ஓட்டம் திரும்பினால் தினமும். 30 முதல் 32 வாரத்துக்குள் பிரசவம். என் அக்கா மகள் மூன்றாம் வகை. அவளுக்குச் சொல்லப்பட்டது முதல் வகைக்கான தேதி.

இந்தச் சங்கிலி நம் மாநிலத்தில் எங்கெங்கே அறுகிறது என்று பார்ப்போம்.

முதல் கண்ணி, இஞ்சு டேப். 24 வாரத்துக்குப் பின் கருப்பையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய வார எண்ணோடு ஒத்துப்போகும். இரண்டு மூன்று வாரம் பின்தங்கினால் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். கூட்டம் நிறைந்த பரிசோதனை நாளில் எத்தனை பேருக்கு டேப் வைக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கையால் தொட்டுப் பார்த்து வாரத்தை எழுதிவிடுகிறார்கள் என்பதை ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது, மொழி. அறிக்கை ஆங்கிலத்தில், சுருக்கெழுத்தில். ஸ்கேன் எடுத்தவர் ஓரிடம், முடிவெடுப்பவர் வேறிடம். இவர் எழுதியதை அவர் படிப்பார் என்று இவரும், அவசரம் என்றால் கூப்பிட்டிருப்பார்கள் என்று அவரும் இருக்கிறார்கள். சுமந்துபோகும் பெண்ணுக்கு அதில் ஒரு சொல்லும் புரிவதில்லை.

மூன்றாவது, வளைகாப்பு. இதை நீங்கள் எந்த அறிக்கையிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் கர்ப்பத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் போட்டுத் தாய் வீட்டுக்கு அழைத்துவருவது நம் வழக்கம். ரத்த ஓட்டம் கெடுகிறதா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டிய வாரங்களும் அவைதான். மாமியார் ஊர்ச் செவிலியர் “அம்மா வீட்டுக்குப் போயிட்டா” என்று குறித்துக்கொள்வார். தாய் வீட்டு ஊர்ச் செவிலியர் அவளைப் புதிய முகமாகப் பார்ப்பார். கர்ப்பிணிப் பதிவேட்டின் பிக்மி எண் கூடவே வரும். அடுத்து எந்த நாளில் ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும் என்பது மட்டும் வராது.

நான்காவது, எட்டாம் மாதப் பயம். ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்று இன்றும் படித்த வீடுகளிலேயே சொல்கிறார்கள். மருத்துவர் 33ஆம் வாரத்தில் எடுக்கலாம் என்றால், ஒன்பது பிறக்கட்டும் என்று பெரியவர்கள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். நல்ல பச்சிளங்குழந்தைப் பிரிவில், வாரம் கூடக் கூடப் பிழைப்பும் கூடும் என்பதுதான் உண்மை. நஞ்சுக்கொடி கைவிட்ட பிறகு வயிறு பாதுகாப்பான இடமே அல்ல என்பதை வீட்டாரிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒன்று: யாருக்கு டாப்ளர் கட்டாயம் என்று ஒரு பக்கத்தில் ஆணை. எடையோ வயிற்றுச் சுற்றளவோ அந்த வாரத்துக்குரிய அளவுகோலில் பத்தாவது சதமானத்துக்குக் கீழே இருப்பவர், கர்ப்பகால ரத்த அழுத்தம் உள்ளவர், முன்பு குழந்தையை வயிற்றில் இழந்தவர், முன்பு மிகச் சிறிய குழந்தை பெற்றவர், டேப் அளவு பின்தங்கியவர். இந்தப் பெண்கள் ஏற்கெனவே ‘ஹை ரிஸ்க்’ பட்டியலில்தான் இருக்கிறார்கள். வாரக் கணக்குத் தப்பானால் எல்லாமே தப்பாகும் என்பதால், மூன்று மாதத்துக்குள் எடுக்கும் முதல் ஸ்கேன் தவறவே கூடாது என்பதையும் அதே ஆணையில் சேருங்கள்.

இரண்டு: அறிக்கையின் மேலே தமிழில் மூன்று கட்டங்கள். ‘ஓட்டம் சரி’, ‘ஓட்டம் குறைவு’, ‘ஓட்டம் நின்றது அல்லது திரும்பியது’. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடுத்து எந்தத் தேதி, எந்த மருத்துவமனை என்று கையால் எழுத இடம். மூன்றாம் கட்டத்தில் டிக் விழுந்தால் ஸ்கேன் எடுத்தவரே சீமாங் மையத்தைத் தொலைபேசியில் அழைத்து, பேசிய நேரத்தை எழுத வேண்டும். அந்தப் பெண் வீட்டுக்குப் போகக்கூடாது. 108இல் ஏற வேண்டும். தனியார் ஸ்கேன் மையங்களுக்கும் இது பொருந்த வேண்டும். அவர்களும் உங்களிடம் பதிவு பெற்றவர்கள்தாம்.

மூன்று: பிக்மியில் ‘அடுத்த டாப்ளர் தேதி’ என்று ஒரு கட்டம். அந்தத் தேதி தவறினால் புகுந்த ஊர், பிறந்த ஊர் இரண்டின் செவிலியருக்கும் குறுஞ்செய்தி போகட்டும். பிறப்புச் சான்றிதழுக்கே பிக்மி எண் கேட்கும் நிர்வாகத்துக்கு இது பெரிய வேலை அல்ல.

நான்கு: ஒவ்வொரு சீமாங் மையத்திலும் வாரத்தின் ஏழு நாளும் டாப்ளர் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர். மாதத்தின் 9ஆம் தேதி நடக்கும் சிறப்புப் பரிசோதனை முகாம் நல்லது. ஆனால் நஞ்சுக்கொடி ஒன்பதாம் தேதிவரை காத்திருப்பதில்லை. கருவி வாங்குவதோடு பயிற்சியும் சேரட்டும். குழந்தை அசையாமலும் மூச்சசைவு இல்லாமலும் இருக்கும்போது அளக்க வேண்டும், மூளைத் தமனியில் கோணம் தப்பக்கூடாது. தப்பான அளவு வீண் ஆபரேஷனிலும் முடியலாம், வீண் நிம்மதியிலும் முடியலாம். இந்தியக் கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் ‘சம்ரக்‌ஷண்’ என்ற பெயரில் இதற்கென்றே திட்டம் நடத்துகிறது. அவர்களை அழைத்துப் பேசலாம்.

ஐந்து: கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு விளக்கம். அந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கேட்கவில்லை. பெண் சிசுக்கொலையின் வடு இன்னும் ஆறாத மாநிலம் இது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அறிவியல் ஆய்வு மன்றமும் சேர்ந்து உருவாக்கிய ‘அம்பிஃப்ளோ’ கருவி படமே காட்டாது. தொப்புள்கொடி ஓட்டத்தின் அலையை மட்டும் கணினித் திரையில் வரையும். அங்கே செவிலியர்களே அதை இயக்குகிறார்கள். ஆபத்தில்லை என்று கருதப்பட்ட தாய்மாரிலேயே நூற்றுக்கு ஒருவருக்கு மேல் ஓட்டம் நின்றிருந்ததை அவர்கள் கண்டார்கள். அதன் பன்னாட்டு ஆய்வில் இந்தியாவும் பங்கெடுத்தது. இப்படிப்பட்ட கருவியை ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் கையில் ஒரு மாவட்டத்தில் முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்க்கச் சட்டப்படி வழியுண்டா என்று மத்திய அரசிடம் எழுதிக் கேளுங்கள்.

ஆறு: இறந்து பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு விசாரணை. தாய் இறந்தால் மாவட்ட ஆட்சியர்வரை கேள்வி போகிறது. இந்த மாநிலத்தில் தாய்மார் மரணம் குறைந்ததற்கு அது ஒரு காரணம். அதே மேசையில் இதையும் வையுங்கள். கேள்விகள் இரண்டு போதும்: கடைசியாக ரத்த ஓட்டம் பார்த்தது எப்போது? அதற்குப் பின் யார் என்ன செய்தார்?

இதற்கெல்லாம் புதிய மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான கருவிகளும் ஆட்களும் ஏற்கெனவே உங்களிடம் உண்டு. ஒருவர் கையிலிருப்பது இன்னொருவர் கைக்கு உரிய நாளில் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மடலைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஆணை வரும்வரை காத்திருக்காதீர்கள். ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கியதும் “ரத்த ஓட்டம் எப்படி இருக்கு? அடுத்து எந்தத் தேதி?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், ராத்திரியானாலும் அன்றே போங்கள்.

ஐயா, என் அக்கா மகள் இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். பதினாறு வாரத்துக்கு முன்பே ஆஸ்பிரின் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை நல்ல மருத்துவர் வாய்த்திருக்கிறார். ஆனால் அவளுக்கு இது வாய்த்தது, நாங்கள் ஒரு குழந்தையைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டதால். இன்னொரு வீடு அந்த விலையைக் கொடுத்துக் கற்க வேண்டாம். வருகிற மாதம் 9ஆம் தேதி முகாமுக்கு முன்பாக அந்த ஒரு பக்க ஆணையை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆசிரியர்